கோடு போட்டது வெயிலுக்கு

காலை ஏழே காலுக்குக் கூடாரக்காரர்கள் வந்தார்கள். லோரியிலிருந்து கம்பிகளை இறக்குவதற்கு முன் மூத்தவர் கேட்டருகே நின்று வீட்டைப் பார்த்தார்.

"செடியெல்லாம் எங்கம்மா வைக்கறது?"

ஷர்மைன் வாசலைச் சுற்றிப் பார்த்தாள். கேட்டிலிருந்து வாசற்கதவு வரை செடிகள்தான். இரும்புத் தட்டுகளில் மூன்றடுக்கு, சுவரில் கம்பிவலையில் தொங்கியவை ஒரு வரிசை, கார் நிற்க வேண்டிய இடத்தில் மிச்சம். அப்பாவின் கார் பல வருடங்களாகத் தெருவில்தான் நின்றது. லாபிஸ் ஊரில் இந்தத் தாமானுக்கு, இந்தக் குடியிருப்புக்கு, வழி கேட்டால் ப்ரொமிலியாட் செடி வீட்டுக்கு அடுத்த சந்து, முந்தின சந்து என்றுதான் சொல்வார்கள்.

"பின்னால சந்துல வச்சிருங்க," என்றான் பிரையன். அவள் தம்பி. தூங்காததில் அவனுக்குக் குரல் கட்டியிருந்தது. "தண்ணிய கொட்டிட்டுத் தூக்குங்க. இல்லன்னா கனக்கும்."

"கொட்டாதீங்க."

குரல் கூடத்திலிருந்து வந்தது. அம்மா சவப்பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து அவள் வாய் திறந்தது இப்போதுதான். கையில் ஜெபமாலை. வாசலைப் பார்க்கவில்லை.

"கோடு போட்டது வெயிலுக்கு. புள்ளி போட்டது நெழலுக்கு. கலந்து வைக்காதீங்க. தண்ணியோட தூக்குங்க."

பிரையன் உள்ளே போய் அவள் முன்னால் குனிந்தான்.

"மா, சுகாதார ஆபீஸ்காரங்க பதினோரு மணிக்கு வர்றாங்க. டெங்கியில ஆளு போனா வீட்ட வந்து பாக்கணுமாம். செடியில தண்ணி நின்னு, அதுல புழு இருந்திச்சின்னா சம்மன்."

"நிக்கட்டும்."

"மா..."

"வந்து பாக்கட்டும்."

பிரையன் வெளியே வந்து அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு தொட்டியைத் தூக்கினாள்.

கோடு போட்டவை என்றால் இலையின் நடுவில் தந்த நிறத்தில் பட்டை ஓடுபவை. சிலவற்றில் பட்டை ஓரத்தில் ஓடும். சிலவற்றில் இளஞ்சிவப்பு. நிழலில் வைத்தால் கோடு மங்கிப் பச்சையாகிவிடும். எல்லாமே அன்னாசிக்குச் சொந்தம். இலைகள் அடியில் ஒன்றையொன்று இறுகக் கவ்வி நடுவில் ஒரு கிண்ணம்போல் ஆகும். அந்தக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். செடி குடிப்பது அதைத்தான்.

ஷர்மைன் தொட்டிகளை நெஞ்சோடு அணைத்துச் சந்துக்குக் கொண்டுபோனாள். தண்ணீர் தளும்பிச் சட்டையில் பட்டது. அவள் ஒரு கிண்ணத்துக்குள்ளும் பார்க்கவில்லை. டெங்கி என்று பிரையன் போனில் சொன்ன அன்று, சிங்கப்பூரில் தொழிற்சாலை கேன்டீனில், அவளுக்கு முதலில் நினைவு வந்தது அப்பாவின் முகமில்லை. இந்தத் தண்ணீர்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா கிண்ணங்களைக் கழுவாமல் விட்டதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, ஒவ்வொரு கிண்ணத்திலும் பீய்ச்சி, பழைய தண்ணீர் முழுக்க வெளியே வழியும்வரை நிற்பார். ஆனால் காய்ச்சல் வந்து வீட்டில் கிடந்தது சில நாள், ஆஸ்பத்திரியில் கிடந்தது சில நாள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வாரம் கொசுவுக்குப் போதும்.

"அக்கா," என்றான் பிரையன், சந்தில் தொட்டியை வைத்தபடியே. "லோரி சொல்லிட்டேன். அடக்கம் முடிஞ்சதும் எல்லாத்தையும் ஏத்திறலாம்."

"எங்க?"

"எங்கயாச்சும். அம்மா தனியா இருக்கப் போறாங்க. அடுத்து அவங்களுக்கு வந்தா? நீ சிங்கப்பூர்ல இருக்க, நான் கோலாலம்பூர்ல."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் இரண்டு தொட்டிகளை நகர்த்தி வெயில் பக்கம் வைத்தாள்.

"புழு இருந்தா ஏத்து," என்றாள். "இல்லன்னா தொடாத."

ஒன்பது மணிக்கு லாயாங் லாயாங் ஊரிலிருந்து பிலோமினா அத்தை வந்தார். அப்பாவுக்கு மூத்தவர். பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு முகம் கழுவப் பின்பக்கம் போனவர் சந்தில் வரிசையாக நின்ற செடிகளைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது.

"அலமாக். இவ்ளோ தண்ணியவா வீட்டச் சுத்தி வச்சிக்கிட்டு இருந்தான்?"

கூடத்தில் ஜெபத்துக்கு வந்த பெண்கள் இருந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன். காய்க்காத அன்னாசிக்கு எதுக்குடா இந்தச் சேவைன்னு. சிரிப்பான். 'அக்கா, அது வயித்துக்கு, இது கண்ணுக்கு'ம்பான். இப்ப பாரு. அந்தச் செடிதான் என் தம்பியக் கொன்னுச்சு."

அம்மாவின் விரல்களில் ஜெபமாலை நின்றது. பிறகு ஒரு மணி நகர்ந்தது.

அம்மாவும் அந்தச் செடிகளைக் குறை சொல்லாத நாளில்லை. துணி காயப்போட இடமில்லை என்பாள். செடிக்கு பங்களா, எனக்கு ஸ்டோர் ரூம் என்பாள். அந்த வீட்டில் ஓர் எல்லை இருந்தது. வாசல் அப்பாவுக்கு. கூடத்துச் சுவரில் மாதா சொரூபம் இருக்கும் தட்டு அம்மாவுக்கு. அதில் அப்பா விரல் வைத்ததில்லை. மாதாவின் காலடியில் நீலக் கண்ணாடிக் குவளை ஒன்று. அதில் ஒரு மணி பிளாண்ட் கொடி. அது நிற்பது ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தில். வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் அம்மா அதில் விரல் நனைத்து நெற்றியில் சிலுவை வரைவாள். ஞாயிறு மாலைகளில் சிங்கப்பூர் திரும்பும்போது ஷர்மைனுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அப்பாவுக்கும்.

"பசியாறிட்டீங்களா அத்தை?" என்றாள் ஷர்மைன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

பத்து மணிக்கு லியாக்கத் அலி வந்தார். கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பையன்கள் ரொட்டிப் பொட்டலங்களும் தேநீரும் இறக்கினார்கள். அவர் கையில் ஒரு தொட்டி மட்டும் இருந்தது. இலைகள் ஒரு முழம் விரிந்து, ஒவ்வொன்றிலும் தந்தப் பட்டை நுனிவரை பிசகாமல் ஓடியது. நடு மட்டும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தது.

"சிஸ்டர்," என்றார் அம்மாவிடம், வாசற்படியில் நின்றே. "இது அண்ணன் குடுத்த குட்டி. இந்த வாரந்தான் நடு செவந்திச்சு. காட்டணும்னு இருந்தேன்."

அம்மா தலையசைத்தாள். "உள்ள வாங்க பாய்."

அவர் பெட்டிக்கருகே வந்து அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கூடாரத்தின் கீழ் ஷர்மைனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்கப்பா சிகாமட் பஸ் ஓட்டுனப்ப, கடைசி சீட்டுல யாரோ ஒரு செடிய விட்டுட்டுப் போயிட்டாங்க. தெரியுமா?"

"தெரியும் அங்கிள்."

தெரிந்த கதைதான். அவர் சொல்லட்டும் என்றிருந்தாள்.

"ரெண்டு வாரம் டிப்போல வச்சிக் காத்திருந்தாரு, யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு. யாரும் வரல. வெறும் பச்சைச் செடி. ஒரே ஒரு எலையில மட்டும் நூல் மாதிரி ஒரு கோடு. அது பூத்துச்சு, செத்துச்சு. அடியில நாலு குட்டி. மூணு பச்சை. ஒண்ணுல ரெண்டு கோடு. அதையே புடிச்சிக்கிட்டாரு. குட்டியோட குட்டி, அதோட குட்டி. இப்ப பாரு." தொட்டியைத் திருப்பிக் காட்டினார். "ஜொகூர் பாருவுல இருந்து ஆளுங்க கார் போட்டு வந்து பாத்துட்டுப் போனாங்க. நான் ஒரு தடவ பெருநாளுக்குப் பூக்கணும்னு ஆப்பிள் துண்டு வச்சி பிளாஸ்டிக் பையில கட்டிட்டேன். அப்படிச் செஞ்சா சீக்கிரம் பூக்கும். வந்து பாத்துட்டு ஒரு வாரம் என்கூடப் பேசல லா. 'அது பூக்கறது ஒரு தடவ. அதுக்கு ஏன் பாய் அவசரம்?'னாரு."

ஷர்மைன் சிரித்தாள். அவருடைய கண்ணில் நீர் வந்தது. தொட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. காக்கிச் சட்டையில் மூவர். முன்னால் வந்தவர் தமிழர், சட்டையில் காளிதாஸ் என்று பெயர். கூடாரத்தின் வெளியே தொப்பியைக் கழற்றிக் கொண்டார்.

"மன்னிச்சிக்குங்க. இன்னைக்கு வரக்கூடாதுதான். ஆனா வந்தாகணும்."

"பாருங்க," என்றாள் ஷர்மைன்.

"உள்ள ஜெபம் நடக்குது. அங்க இப்ப வரல. நாளைக்குக் காலையில பாத்துக்கறோம். மொதல்ல செடி."

சந்துக்குப் போனார்கள். இரண்டு மலாய் இளைஞர்கள் டார்ச்சோடு குனிந்தார்கள். ஒருவன் கையில் ரப்பர் குமிழ் வைத்த நீளக் குழாய். கிண்ணத்துக்குள் விட்டு உறிஞ்சி, வெள்ளைத் தட்டில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்த்தான். கொட்டினான். அடுத்தது.

சமையலறை ஜன்னலில் பெண்கள் கூடிவிட்டார்கள். நடுவில் அத்தை. பிரையன் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். லியாக்கத் அலி கொஞ்சம் தள்ளி நின்றார். ஷர்மைன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் இலைத்துணுக்கு. ஓர் எறும்பு. வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர்.

முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையின் நடுவில் ஒருவன் நிமிர்ந்தான்.

"போஸ். பெர்கெராக்."

அசைகிறது என்றான். காளிதாஸ் போய் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தார். ஜன்னலில் அத்தை "பாத்தியா" என்று சொல்வது கேட்டது. ஷர்மைன் அந்தத் தொட்டியைப் பார்த்தாள். கோடு போட்டது. வாசலில் அப்பாவுடைய முதல் வரிசையில் நின்றது.

காளிதாஸ் இரண்டு விரலை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார். கட்டைவிரல் நகமளவு தவளைக்குஞ்சு ஒன்று அவர் புறங்கையில் உட்கார்ந்து விழித்தது.

"இவருக்கு சம்மன் குடுக்க முடியாது," என்றார். "இவரு எங்க ஆளு. கொசு திங்கறவரு."

முதலில் சிரித்தது லியாக்கத் அலி. பிறகு இளைஞர்கள். பிறகு ஜன்னலில் யாரோ. சாவு வீடு என்று நினைவு வந்து எல்லோரும் நிறுத்தினார்கள். காளிதாஸ் தவளையை வந்த கிண்ணத்திலேயே விட்டார்.

கடைசித் தொட்டி வரை பார்த்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. இளைஞன் தட்டை உதறிவிட்டு, "பெர்சே, போஸ்," என்றான்.

காளிதாஸ் ஜன்னலுக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"சுத்தம். எல்லாமே சுத்தம். ஒரு புழு இல்ல." நெற்றியைத் துடைத்தார். "உண்மையச் சொன்னா, வண்டியில வர்றப்பவே சம்மன் புக்க எடுத்து வச்சிட்டேன். இந்த மாதிரிச் செடி வீட்டுல இவ்ளோ இருந்தா, இல்லாம இருக்காது. பெரியவரு ஆஸ்பத்திரியில இருந்தாருன்னு சொன்னீங்க. இந்த ஒரு வாரம் தண்ணி மாத்துனது யாரு?"

ஷர்மைன் பிரையனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். அவனில்லை.

"நான்தான்."

அம்மா பின்வாசலில் நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. ஜெபமாலை மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

"சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருந்து வந்து குழாய எடுப்பேன். முடிக்கறப்ப இருட்டிரும். மறுநாள் போனா அதான் கேப்பாரு. எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டாரு. சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாரு. வாயில டியூப் போடற வரைக்கும் அதே கேள்விதான். தண்ணி மாத்துனியா டொரத்தின்னு."

அவள் செடி வரிசையைப் பார்த்தாள்.

"மாத்திட்டேன்னு சொன்னேன். பொய் சொல்லல."

அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. ஷர்மைன் அம்மாவை அப்படிப் பார்த்தது, ஆரம்பப் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பிரையனின் பெயரைக் கூப்பிட்டபோது ஒரு தடவை. அதற்குப் பிறகு இன்றுதான்.

"பெரியவர நான் பாத்ததில்ல," என்றார் காளிதாஸ். "பாத்திருக்கணும்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "கொசு எங்கயோ இருந்து வந்திருக்கு. எங்கன்னு தேடணும். ஆனா இங்க இருந்து இல்ல."

வேன் போனது. பிரையன் போனை எடுத்துச் சந்தின் முனைக்கு நடந்தான். "லோரி வேணாம் போஸ்," என்று சொல்வது கேட்டது. "இல்ல, இல்ல. நாளைக்கும் வேணாம்."

அத்தை கூடத்தைத் தாண்டி வெளியே வந்தார். லியாக்கத் அலியின் முன்னால் போய்க் கையை நீட்டினார். அவர் தொட்டியைக் கொடுத்தார். அத்தை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போய், பெட்டியின் கால்மாட்டில், ஆர்டர் செய்து வந்திருந்த மலர்வளையங்களைத் தள்ளிவிட்டு வைத்தார். சிவந்த நடு அப்பாவின் முகத்தைப் பார்க்கும்படி தொட்டியைத் திருப்பினார். பிறகு அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது வெயிலுக்கா நெழலுக்கா டொரத்தி?"

"வெயிலுக்கு அண்ணி. ஒரு நாள் உள்ள இருந்தா ஒண்ணும் ஆவாது."

அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னது அத்தைதான். "கெவர்மென்ட்டே வந்து பாத்துட்டுப் போனாங்க. டார்ச் அடிச்சிப் பாத்தாங்க. ஒரு புழு கெடையாது. என் தம்பி வளத்தது." சொல்லும்போதெல்லாம் அம்மாவின் முகம் கொஞ்சம் உயர்ந்தது. ஷர்மைன் கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் இருந்தது.

ஒன்றரை மணிக்கு உபதேசியார் வந்தார். இரண்டு மணிக்கு வீட்டு ஜெபம், பிறகு கோயில். பாடுபட்ட சிலுவையையும் இரண்டு மெழுகுதிரிகளையும் மாதா தட்டில் வைக்க இடம் வேண்டும் என்றார்.

"நான் எடுக்கறேன்," என்றாள் ஷர்மைன். அம்மாவைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள்.

நீலக் குவளையை எடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கொடியின் வேர்கள் உள்ளே பந்தாகச் சுருண்டிருந்தன. ஜன்னலோரம் வைக்கப் போனபோது வெயில் கண்ணாடியில் விழுந்தது.

வேர்களுக்கிடையில் ஏதோ நெளிந்தது. மேலே வந்தது. கீழே போனது. அவள் குவளையைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஒன்றல்ல.

பின்னால் அத்தையின் குரல். "ஒரு புழு கெடையாது."

தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. சிறு வயதில் அம்மா சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று அது. மண்ணில் ஊற்றலாம், அதுவும் கால் படாத மண்ணில். அதனால் அம்மா ஊற்றியதே இல்லை. சனிக்கிழமை தோறும் போத்தலிலிருந்து குறைந்த அளவுக்கு நிரப்புவாள். "அதையும் மாத்து டொரத்தி," என்று அப்பா ஒருமுறை சொன்னதும், "இது ஒங்க செடித் தண்ணி இல்ல," என்று அம்மா சொன்னதும் ஷர்மைனுக்கு நினைவிருந்தது. அப்பா அதற்கு மேல் பேசவில்லை. எல்லை எல்லைதான்.

அவள் ஜன்னலருகே நின்றாள். கொசு எங்கிருந்தும் வந்திருக்கலாம். சாக்கடையிலிருந்து, எதிர் வீட்டிலிருந்து, கோயிலிலிருந்து. காளிதாஸ் நாளைக் காலை உள்ளே வருவார். டார்ச் இருக்கும். வெள்ளைத் தட்டு இருக்கும். அம்மா பக்கத்தில் நிற்பாள், இன்று நின்றதுபோலவே நிமிர்ந்து.

குவளையை வயிற்றோடு அணைத்து, துப்பட்டாவால் மூடி, சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

சந்தின் ஓரத்தில் அப்பாவின் கலவைத் தொட்டி இருந்தது. செடி வைக்க அவர் உடைத்துப் போட்டிருந்த அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும். யாருடைய காலும் படாத இடம். கொடியை வெளியே எடுத்துவிட்டுக் குவளையைச் சாய்த்தாள். உலர்ந்த கரி தண்ணீரை உடனே உள்ளே இழுத்துக்கொண்டது. மேலே கறுப்பில் சில புள்ளிகள் கொஞ்ச நேரம் துள்ளின. வெயில் நேராக அடித்தது. புள்ளிகள் நின்றன. அப்பாவின் கரண்டியை எடுத்துக் கலவையைக் கிளறிவிட்டாள்.

பிறகு ரப்பர் குழாயைத் திறந்து, அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, குவளைக்குள் பீய்ச்சினாள். வழிந்தது. வழிந்த பின்னும் பிடித்தாள். வேர்களை விரலால் பிரித்துக் கழுவினாள். வெள்ளை வெளேரென்று வந்தன. பக்கத்துத் தொட்டியில் தவளைக்குஞ்சு இலையின் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

குழாய்த் தண்ணீரை நிரப்பி, கொடியை வைத்து, குவளையைத் தட்டில் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தபோது உபதேசியார் புத்தகத்தைத் திறந்திருந்தார்.

ஜெபம் முடிந்தது. பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். பிரையன் மூடியின் ஒரு முனையைப் பிடித்தான். லியாக்கத் அலி வாசலில் நின்று கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அம்மா.

எழுந்து மாதா தட்டுக்குப் போனாள். வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் செய்வதுபோல் குவளைக்குள் விரலை விட்டாள். விரல் உள்ளேயே நின்றது. மெழுகுதிரி வெளிச்சம் நீலத்தைத் தாண்டி மறுபக்கம் சுவரில் விழுந்திருந்தது. குவளைக்குள் வேர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். விரலை எடுத்தாள். பெட்டிக்கு வந்து, குனிந்து, அப்பாவின் நெற்றியில் மெதுவாகச் சிலுவை வரைந்தாள். நனைந்த இடம் பளபளத்தது. நிமிரவில்லை. குனிந்தபடியே, பக்கத்தில் நின்ற மகளுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டாள்.

"ஷர்மி, மாதா தண்ணிய யாரு மாத்துனா?"